27 பேரும் தலையாட்டினால்தானா? ஐரோப்பிய வெளியுறவு அமைச்சர்கள் முடிவெடுக்க எந்த வழி நல்லது

2025 ஜனவரி 27, திங்கட்கிழமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 வெளியுறவு அமைச்சர்கள் பிரஸ்ஸல்ஸில் கூடினார்கள். எண்ணெய், வங்கி, தொழில்நுட்பம் என்று 2014 முதல் ரஷ்யா மீது துறை துறையாகப் போட்டுவந்த பொருளாதாரத் தடைகள் காலாவதியாக அப்போது நான்கே நாட்கள் மீதம். ஜனவரி 31 தாண்டினால் அத்தனையும் சட்டப்படி செல்லாது, முடக்கி வைத்திருந்த ரஷ்ய மத்திய வங்கியின் 200 பில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட பணத்தையும் விடுவிக்க வேண்டிவரும். 26 நாடுகள் தயாராக இருந்தன, ஹங்கேரி மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதன் குறை தடைகளைப் பற்றியதுகூட அல்ல. உக்ரைன் தன் மண் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த ரஷ்ய எரிவாயுவை அந்த ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது, அதுதான் கோபம். எரிசக்திப் பாதுகாப்பு பற்றி ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்த பிறகுதான் ஹங்கேரி இறங்கி வந்தது. தடை இன்னும் ஆறு மாதத்துக்கு நீண்டது. ஆறு மாதம் கழித்து, ஜூலையில், மறுபடியும் அதே வாசலில் நிற்க வேண்டும்.

இந்த ஒரு கூட்டம் போதும், கேள்வி என்னவென்று புரிய. 45 கோடி மக்களின் வெளியுறவுக் கொள்கையை 27 பேரும் தலையாட்டினால்தான் நகர்த்த முடியும் என்ற விதியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, மாற்றினால் எப்படி? உலக அரசியல் பேசுகிற நம் ஆட்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வீட்டோவைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்," அதாவது ஒரே ஒரு நாடு நின்று தடுக்கும் அதிகாரத்தை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு வழியும் நடைமுறையில் என்ன கொடுத்தது என்று பார்த்தபோது விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

முதலில் இந்த மேசை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அமைச்சர்கள் ஏறக்குறைய மாதம் ஒரு முறை கூடுவார்கள், பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸில், ஏப்ரல், ஜூன், அக்டோபர் மாதங்களில் மட்டும் லக்சம்பர்க்கில். ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் உடன்படிக்கை 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தலைமை நாற்காலி ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பாளரான 'உயர் பிரதிநிதி' என்பவருக்கு: கேத்தரின் ஆஷ்டன், ஃபெடரிக்கா மொகெரினி, ஜோசெப் பொரெல், 2024 டிசம்பர் முதல் எஸ்டோனியாவின் முன்னாள் பிரதமர் காயா கல்லாஸ். ஆனால் முக்கால்வாசி வேலை அமைச்சர்கள் வருவதற்கு முன்பே தூதர்கள் மட்டத்தில் முடிந்துவிடும். ஒரு அறிக்கையின் வரைவை எல்லாத் தலைநகரங்களுக்கும் அனுப்பி, இத்தனை மணிக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் நிறைவேறியது என்று வைத்துக்கொள்கிறார்கள். மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது அங்கே எழுதப்பட்ட நடைமுறை. ஒரே ஒரு தலைநகரம் அந்த மௌனத்தைக் கலைத்தால் போதும், வரைவு திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் 1970-ல் பெல்ஜிய அதிகாரி எத்தியன் தாவிஞ்ஞோன் தலைமையில் எழுதப்பட்ட ஒரு அறிக்கையிலிருந்து தொடங்கியது. அப்போது ஆறே நாடுகள், வருடத்துக்கு இரண்டு முறை வெளியுறவு அமைச்சர்கள் சந்தித்துப் பேசலாம் என்ற அளவுதான். 1974-ல் ஜெர்மனியில் கிம்னிக் என்ற கோட்டையில் எந்த ஆவணமும் வெளியிடாமல் மனம் விட்டுப் பேச ஒரு சந்திப்பு நடந்தது. இன்றும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் அப்படிப்பட்ட சந்திப்புக்கு எந்த ஊரில் நடந்தாலும் கிம்னிக் என்றுதான் பெயர். 2024-ல் அது புடாபெஸ்ட்டில் நடக்க வேண்டியது. அன்றைய ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் ஜூலையில் மாஸ்கோ போய் வந்ததால் பொரெல் அதை பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றினார். கூட்டம் எங்கே நடக்கும் என்பதை அவரால் மாற்ற முடிந்தது, ஹங்கேரியின் வாக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போதிருக்கும் வழி: எல்லோரும் ஒப்புக்கொண்டால் மட்டும்

இதைக் குறை சொல்வதற்கு முன் இதன் பெருமையைச் சொல்வதுதான் நியாயம். 1980 ஜூனில் வெனிஸில் ஒன்பது நாடுகளின் தலைவர்களும் வெளியுறவு அமைச்சர்களும் பாலஸ்தீன மக்களின் சுயநிர்ணய உரிமையை ஏற்று, பேச்சுவார்த்தையில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். அமெரிக்கா விரும்பாத, இஸ்ரேல் கொதித்த ஒரு நிலைப்பாடு அது, ஒன்பது பேரும் ஒருமனதாக எடுத்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோதும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து தடைகள் வந்தன. 2025 அக்டோபருக்குள் 19 தொகுப்புகள், எல்லாமே ஒருமனதாக. ஆபத்து எல்லோர் வீட்டு வாசலிலும் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்போது இந்த விதி யாரையும் தடுக்கவில்லை.

அப்புறம் சின்ன நாடுகளின் பயம். இதை லேசாக எடுத்துக்கொள்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. சைப்ரஸில் பத்து லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவான மக்கள், ஜெர்மனியில் எட்டரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. சைப்ரஸ் தீவின் வடபகுதியில் 1974 முதல் துருக்கிப் படைகள் நிற்கின்றன. 2020-ல் துருக்கியின் துளையிடும் கப்பல்கள் அதன் கடல்பரப்புக்குள் வந்து எரிவாயு தேடின. அந்த வருடம் பெலாரஸில் நடந்த தேர்தல் மோசடிக்காக அந்நாட்டு அதிபர் லுகஷென்கோவின் ஆட்கள் மீது தடை போட 26 நாடுகள் தயாரானபோது, துருக்கி மீதும் நடவடிக்கை எடுங்கள், இல்லாவிட்டால் இதற்குச் சம்மதம் இல்லை என்று சைப்ரஸ் சொல்லிவிட்டது. பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்கின் வீதிகளில் மக்கள் அடிவாங்கிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அக்டோபர் தொடக்கத்தில் தலைவர்கள் மாநாடு கூடித்தான் முடிச்சு அவிழ்ந்தது. சைப்ரஸ் செய்தது தவறு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கு கையில் இல்லாதிருந்தால் அதன் குறையை அந்த மேசையில் யாராவது காதுகொடுத்துக் கேட்டிருப்பார்களா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான்.

சரி, கெடுதல் எங்கே இருக்கிறது? வீட்டோ ஒரு முடிவை ஒரேயடியாகத் தடுத்துவிடுவது உண்மையில் அபூர்வம். அது விலையை ஏற்றுகிறது, நேரத்தைத் தின்கிறது. 2022 ஜூனில் ஆறாவது தொகுப்பு வந்தபோது ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர் கிரில்லின் பெயரை ஹங்கேரி கேட்டபடி பட்டியலிலிருந்து எடுத்தார்கள், குழாய் வழியாக வரும் எண்ணெய்க்கும் விலக்குக் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் 18-வது தொகுப்பை ஸ்லோவாக்கியா எரிவாயுவைக் காரணம் காட்டி வாரக்கணக்கில் இழுத்தது. 2017 ஜூனில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் சீனாவைப் பற்றி ஒன்றியத்தின் பெயரில் வரவேண்டிய அறிக்கையை கிரீஸ் தடுத்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அந்நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தின் 51 சதவீதப் பங்கு சீனாவின் காஸ்கோ நிறுவனத்துக்குப் போயிருந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டவர்கள் பலர்.

எனக்கு மிகவும் வலிக்கிற உதாரணம் வடக்கு மாசிடோனியா. 2005-லேயே ஒன்றியத்தில் சேரும் வரிசையில் வேட்பாளர் நாடு. கிரீஸ் அதன் பெயரையே எதிர்த்தது, தன் நாட்டில் மாசிடோனியா என்ற மாகாணம் இருக்கிறது என்பதால். 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள், ஒரு தேசம் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. இனி வழி திறந்துவிடும் என்றுதான் அந்த மக்கள் நம்பினார்கள். 2019-ல் சேர்ப்புப் பேச்சு தொடங்குவதை பிரான்ஸ் தடுத்தது. 2020-ல் பல்கேரியா, மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி. இதற்கு மேல் ஒரு சின்ன நாடு என்னதான் கொடுக்க முடியும்? அண்டை நாடுகளைச் சீர்திருத்தத்தின் பக்கம் இழுப்பதுதான் ஒன்றியத்தின் மிகப் பெரிய வெளியுறவு பலம் என்று சொல்வார்கள். கொடுத்த வாக்கை இப்படித் தள்ளித் தள்ளிப் போட்டால் அடுத்த நாடு எதை நம்பி இழுபடும்?

பெரும்பான்மை வாக்கு

மாற்றுவழி என்று எல்லோரும் சொல்வது இதை. வர்த்தகம், விவசாயம், சுற்றுச்சூழல் என்று ஒன்றியத்தின் மற்ற வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன: 27-ல் 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும், அவற்றில் மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம் அடங்க வேண்டும். தடுக்க வேண்டுமென்றால் குறைந்தது நான்கு நாடுகள் சேர வேண்டும், 35 சதவீதத்துக்கு மேல் மக்கள்தொகையோடு. வெளியுறவிலும் இதைக் கொண்டுவரலாம் என்று 2018-ல் ஆணையத் தலைவராக இருந்த ஜான் குளோட் யுங்கர் சொன்னார், 2022-ல் பிராகில் பேசிய அன்றைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் சொன்னார், 2023 மே மாதம் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் உட்பட ஒன்பது நாடுகள் இதற்கென்றே ஒரு நண்பர் குழுவாகச் சேர்ந்தன. உடன்படிக்கையில் இதற்கு ஒரு கதவும் உண்டு. தலைவர்கள் ஒருமனதாக ஒத்துக்கொண்டால், ராணுவம் சம்பந்தப்படாத விஷயங்களைப் பெரும்பான்மை வாக்குக்கு மாற்றலாம். அந்த 'ஒருமனதாக' என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது, பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கதையாக.

இரண்டு விஷயங்கள் என்னை இந்த வழி பற்றி நிதானமாக யோசிக்க வைத்தன.

ஒன்று 2015 செப்டம்பர். கிரீஸிலும் இத்தாலியிலும் வந்து குவிந்த அகதிகளில் 1,20,000 பேரை மற்ற நாடுகளுக்குப் பங்கிடும் திட்டத்தை உள்துறை அமைச்சர்கள் பெரும்பான்மை வாக்கில் நிறைவேற்றினார்கள். ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ருமேனியா எதிர்த்து வாக்களித்துத் தோற்றன. சட்டப்படி எல்லாம் சரிதான், ஐரோப்பிய நீதிமன்றமும் 2017-ல் அந்த முடிவு செல்லும் என்றது. ஆனால் ஹங்கேரி ஒரு அகதியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. போலந்து, ஹங்கேரி, செக் மூன்றும் கடமை தவறின என்று நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொன்னபோது திட்டத்தின் காலமே முடிந்து போயிருந்தது. பொருளாதாரத் தடைக்கும் இது பொருந்தும். தடை என்பது பிரஸ்ஸல்ஸில் எழுதும் காகிதம், அதை நிறைவேற்றுவது அந்தந்த நாட்டுச் சுங்க அதிகாரி, வங்கி, துறைமுகம். மனமில்லாத நாட்டை வாக்கில் தோற்கடித்துவிடலாம். அதன் எல்லையில் நிற்கும் லாரியைத் திறந்து பார்க்க வைப்பது வேறு வேலை.

இன்னொன்று காஸா. இங்கேதான் 'வீட்டோவைத் தூக்கினால் போதும்' என்ற நம்பிக்கை எனக்கு உடைந்தது. 2023 அக்டோபர் 27, மனிதாபிமானப் போர் நிறுத்தம் கோரி ஐ.நா. பொதுச் சபையில் வாக்கெடுப்பு. ஒன்றியத்தின் 27 நாடுகள் மூன்றாக உடைந்தன: எட்டு நாடுகள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு, 15 விலகி நின்றன. பிரான்ஸும் ஸ்பெயினும் அயர்லாந்தும் ஒரு பக்கம், ஆஸ்திரியாவும் செக்கும் ஹங்கேரியும் குரோவேஷியாவும் எதிர்ப்பக்கம், ஜெர்மனியும் இத்தாலியும் நடுவில். இது ஒரு ஓர்பானின் பிடிவாதம் அல்ல. 2025 மே மாதம் இஸ்ரேலுடனான கூட்டு ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்யலாம் என்று 17 வெளியுறவு அமைச்சர்கள் ஆதரித்தார்கள், மனித உரிமைக் கடமைகளை இஸ்ரேல் மீறியிருப்பதற்கான அறிகுறிகள் உண்டு என்று ஜூனில் ஆய்வு முடிவும் வந்தது. செப்டம்பரில் ஆணையம் இரண்டு யோசனைகள் வைத்தது. இஸ்ரேல் அமைச்சர்கள் பென் க்விர், ஸ்மோட்ரிச் மீது தடை, இதற்கு ஒருமித்த சம்மதம் வேண்டும். வர்த்தகச் சலுகைகளை நிறுத்துவது, இதற்குப் பெரும்பான்மையே போதும். ஆனால் அந்தப் பெரும்பான்மையும் கிடைக்கவில்லை. ஜெர்மனியும் இத்தாலியும் சேர்ந்தாலே ஏறக்குறைய 14 கோடி மக்கள், ஒன்றியத்தில் 31 சதவீதத்துக்கு மேல். அவர்களோடு நடுத்தர அளவில் இன்னும் இரண்டு நாடுகள் போதும், எதுவும் நகராது.

அதாவது பெரும்பான்மை வாக்கு வந்தால் வீட்டோ ஒழிந்துவிடாது. சின்ன நாட்டின் கையிலிருப்பது பறிபோகும், பெரிய நாடுகளின் கையில் இருப்பது அப்படியே இருக்கும். இதை மறைத்துவிட்டு 'ஜனநாயகம்' என்று மட்டும் சொல்லி மால்டாவையும் சைப்ரஸையும் சம்மதிக்க வைக்கப் பார்ப்பது நேர்மையில்லை.

ஒதுங்கி நிற்பது

இதைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்குப் பிடித்த வழி. ஒரு நாடு "நான் ஆதரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன், இந்த முடிவு என்னைக் கட்டுப்படுத்தாது" என்று முறைப்படி அறிவித்துவிட்டு ஒதுங்கலாம். 2008-ல் கொசோவோவுக்கு நீதிபதிகளையும் காவலர்களையும் அனுப்பும் பணிக்குழுவை அமைத்தபோது சைப்ரஸ் இதைச் செய்தது. கொசோவோவைத் தனி நாடாக ஏற்காத ஐந்து ஒன்றிய நாடுகள் இன்றும் உண்டு: ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா. ஆனால் பணிக்குழு போய்ச் சேர்ந்தது. 2022-ல் உக்ரைனுக்கு ஆயுதம் வாங்க ஒன்றியத்தின் நிதியைத் திறந்தபோது ராணுவ அணிகளில் சேராத ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா மூன்றும் ஆயுதப் பகுதியிலிருந்து ஒதுங்கின. அதே வருடம் உக்ரைன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டத்திலிருந்து ஹங்கேரி ஒதுங்கியது, பயிற்சி நடந்தது, இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். எந்த நாடும் தன் கொள்கையை விற்கவில்லை, வேலையும் நின்றுபோகவில்லை.

2023 டிசம்பரில் தலைவர்கள் மாநாட்டில் உக்ரைனுடன் சேர்ப்புப் பேச்சைத் தொடங்கும் முடிவு வந்தபோது ஷோல்ஸ் சொன்ன யோசனைப்படி ஓர்பான் அறையை விட்டு வெளியே போனார், மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். சட்டப்பெயர் வேறு, குணம் இதேதான்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. இது ஒதுங்குகிறவரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கிறது. அயர்லாந்து ஒதுங்கும், ஏனென்றால் அதற்கு வேலை நடக்க வேண்டும், தன் கை அதில் படக்கூடாது, அவ்வளவுதான். தடுப்பதையே பேரம் பேசும் காசாக வைத்திருக்கும் அரசு ஏன் ஒதுங்கப்போகிறது?

மூவர், நால்வர் சேர்ந்து முன்னே போவது

2003 அக்டோபர் 21. பிரிட்டனின் ஜாக் ஸ்ட்ரா, பிரான்ஸின் தொமினிக் த வில்பான், ஜெர்மனியின் யோஷ்கா ஃபிஷர் மூவரும் தெஹ்ரான் போய் இறங்கினார்கள். அந்த வருடம் மார்ச்சில் ஈராக் போர் இதே ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்திருந்தது, பிரிட்டன் ஒரு கரையில், பிரான்ஸும் ஜெர்மனியும் மறுகரையில். ஏழு மாதம் கழித்து மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஈரானிடம் யுரேனியம் செறிவூட்டலை நிறுத்திவைக்கும் வாக்குறுதி வாங்கினார்கள். 27 பேர் (அன்று 15 பேர்) கூடி வரைவில் கால்புள்ளி மாற்றிக்கொண்டிருந்தால் நடந்திருக்காத காரியம். அந்த விதைதான் பின்னால் அமெரிக்கா, ரஷ்யா, சீனாவும் சேர்ந்து, 2015 ஜூலை 14-ல் வியன்னாவில் அணு உடன்படிக்கையாக வந்தது. உயர் பிரதிநிதி அதில் பேச்சுவார்த்தையை ஒருங்கிணைப்பவராக இருந்தார்.

வேகத்துக்கு இந்த வழியை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் இத்தாலி போன்ற, ஈரானோடு பெரிய வர்த்தகம் வைத்திருந்த நாடுகளுக்கு அன்றைக்கே மனத்தாங்கல். பிரிட்டன் 2020 ஜனவரியில் ஒன்றியத்தை விட்டே போய்விட்டது, ஆக அந்த மூவரில் ஒருவர் இன்று உறுப்பினர்கூட இல்லை. 2018-ல் டிரம்ப் அந்த உடன்படிக்கையிலிருந்து அமெரிக்காவை விலக்கிக்கொண்டபோது மூவராலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 28-ல் அதே மூன்று நாடுகள்தான் ஈரான் மீதான ஐ.நா. தடைகளைத் திரும்பக் கொண்டுவரும் பொறியை அழுத்தின. செப்டம்பர் இறுதியில் தடைகள் திரும்பின, ஒன்றியமும் தன் தடைகளைத் திரும்பப் போட்டது. இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: முன்னே போய்ப் பேச மூவர் போதும், பணத்தையும் சந்தையையும் பூட்டும் சாவி 27 பேரிடமும் சேர்ந்துதான் இருக்கிறது.

பக்கத்துக் கதவு

2025 டிசம்பரில் ஒன்றியம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. முடக்கிய ரஷ்யப் பணம், சுமார் 210 பில்லியன் யூரோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீட்டோவின் வாசலில் போய் நிற்பதை நிறுத்த, வெளியுறவுச் சட்டப்பிரிவையே விட்டுவிட்டு, பொருளாதார நெருக்கடிக்கான 122-வது பிரிவைப் பிடித்துப் பெரும்பான்மை வாக்கில் கால வரையறையில்லாமல் முடக்கியது. ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் எதிர்த்து வாக்களித்தன. அந்தப் பணம் விடுபடாமல் நின்றதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் நெருக்கடிக்காக வைத்த கதவை வெளியுறவுக்குப் பழக்கமாக்கிவிட்டால் நாளைக்கு நீதிமன்றத்தில் என்ன ஆகும், அடுத்து எந்த நாட்டை இப்படிச் சுற்றிப் போவார்கள் என்ற கேள்விகள் நிற்கின்றன.

வர்த்தகக் கதவு இன்னும் பழையது, நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2006 மே 29-ல் அன்றைய 25 நாடுகளும் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத இயக்கங்களின் பட்டியலில் சேர்த்தன, ஒருமித்த முடிவு. அப்போது இலங்கையில் போர் நிறுத்தத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தது ஐந்து நோர்டிக் நாடுகளின் குழு: நார்வே, ஐஸ்லாந்து, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க். பின்சொன்ன மூன்றும் ஒன்றிய உறுப்பினர்கள். தடை போட்ட நாட்டவர் நடுவராக இருக்க முடியாது என்று புலிகள் சொல்ல, சில மாதங்களில் அந்த மூன்று நாட்டுக் கண்காணிப்பாளர்களும் கிளம்பிவிட்டார்கள், களத்தில் ஆள்பலம் சுருங்கியது. அந்த மூன்றில் எந்த ஒரு நாடு நினைத்திருந்தாலும் முடிவைத் தள்ளிப்போட்டிருக்கலாம், வீட்டோ கையில்தானே இருந்தது? ஒருமித்த விதி நிதானத்தைத் தானாகக் கொண்டுவராது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 2010-ல் இன்னொரு கதவு திறந்தது. மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரிவர நிறைவேற்றவில்லை என்று இலங்கைக்கான ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை ஒன்றியம் ஆகஸ்ட் 15 முதல் நிறுத்தியது. இது வர்த்தக விதிப்படி நடந்தது, பெரும்பான்மையே போதுமானது. 2017 மே மாதம் சலுகை திரும்பியது. ஒரே நாடு, இரண்டு கதவுகள். ஆனால் வர்த்தகக் கதவு வழியாகப் போகும் அடி ஆட்சியாளர்களுக்கு முன்னால் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் போய்ச் சேரும் என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

மொத்தமாக ஒரு வழியைப் பிடித்துக்கொள்வது தப்பு என்பது என் முடிவு. பிரிக்க வேண்டிய இடம் 'சின்ன விஷயம், பெரிய விஷயம்' என்பதும் அல்ல. புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கும், ஏற்கனவே எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவைத் தொடர்வதற்கும் நடுவில் கோடு போட வேண்டும்.

ஜனவரி 27-க்குத் திரும்பிப் போவோம். அன்று ஹங்கேரி தடுத்தது புதிய தடையை அல்ல, தானும் கையெழுத்திட்டுப் பலமுறை நீட்டித்த பழைய தடையை. வீட்டோவுக்கு உண்மையான பல் முளைப்பது அந்தக் கடிகாரத்தால்தான். துறைவாரித் தடைகளுக்கு ஜனவரி 31, ஜூலை 31, தனிநபர் பட்டியலுக்கு மார்ச் 15, செப்டம்பர் 15 என்று வருடத்துக்கு நான்கு முறை ஒரு நாட்டின் கையில் போய்ச் சேரும் பிடி. அதைத் திருப்பிவிட வேண்டும். புதிய தடை போட 27 பேரும் ஒப்புக்கொள்ளட்டும், ஒப்புக்கொண்டபின் அது தானாகத் தொடரட்டும், நீக்க வேண்டுமானால் பெரும்பான்மை முன்வந்து நீக்கட்டும். தடை நிரந்தரமாகிவிடும் என்று பயந்தால் வருடத்துக்கு ஒரு முறை கட்டாய மறு ஆய்வு வைக்கலாம். இதில் சின்ன நாடு எதையும் இழக்கவில்லை, தொடக்கத்தில் அதன் வாக்கு அப்படியே இருக்கிறது. தான் ஏற்கனவே கொடுத்த சம்மதத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை விற்கும் வாய்ப்பு மட்டும்தான் போகிறது.

மனித உரிமை அறிக்கைகளுக்கும், ஆயுதமில்லாத பணிக்குழுக்களுக்கும் பெரும்பான்மை வாக்கைக் கொண்டுவரலாம் என்ற யுங்கரின் பழைய யோசனை எனக்குச் சம்மதம். அறிக்கையை அமல்படுத்த யாருடைய சுங்கச்சாவடியும் தேவையில்லை, அதனால் 2015-ல் வந்த சிக்கல் இங்கே வராது. ராணுவ விஷயங்களில் ஒருமித்த விதியும் ஒதுங்கும் உரிமையும் இருக்கட்டும், தன் பிள்ளைகளைப் போருக்கு அனுப்புவதா என்பதை வேறொரு நாட்டின் மக்கள்தொகை முடிவு செய்யக்கூடாது. மூவர் நால்வர் கூட்டணி இருக்கட்டும், ஆனால் திரும்பி வந்து மற்றவர்களிடம் என்ன பேசினோம் என்று சொல்லும் கடமையோடு.

சைப்ரஸின் பயத்துக்கு உடன்படிக்கையிலேயே ஒரு மருந்து உண்டு. இப்போதே சில விஷயங்களில் பெரும்பான்மை வாக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, அங்கே ஒரு நாடு தன் உயிர்நாடியான தேசிய நலன் பாதிக்கப்படுகிறது என்று காரணம் சொன்னால் வாக்கெடுப்பை நிறுத்தலாம், உயர் பிரதிநிதி சமரசம் தேட வேண்டும், முடியாவிட்டால் விஷயம் தலைவர்களிடம் போகும். இந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: சொல்லும் காரணம் மேசையில் இருக்கும் அதே விஷயத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி. துருக்கி பற்றிய முடிவை சைப்ரஸ் நிறுத்தட்டும், அது அதன் உரிமை. துருக்கிக்காக பெலாரஸை நிறுத்த முடியாது.

பெரும்பான்மை வாக்குக்கு மாறவும், இந்தப் பிரேக்கைத் திருத்தவும் 27 பேரின் சம்மதம் வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் மொத்த வீட்டோவையும் கொடு என்று கேட்பதைவிட இதைக் கேட்பது எளிது. கடிகாரத்தை நிறுத்துவதற்கோ உடன்படிக்கையைத் திருத்தவே தேவையில்லை, அடுத்த தடையை எழுதும்போது அதன் காலாவதித் தேதியை வேறு விதமாக எழுதினாலே போதும். முழு மாற்றத்துக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்கிற அமைச்சர்கள் அந்த ஒரு வரியையாவது அடுத்த புதிய தடையின் வரைவில் எழுதிப் பார்க்கட்டும்.